வீடு இருக்கு, வண்டிக்கு இடம் இருக்கா?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் யாரும் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை போலும். அதிலும் வீட்டோடு சேர்த்து ஒரு வண்டி நிறுத்த இடமும் கேட்டிருந்தால், பழமொழியில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

2025-ம் ஆண்டு ஆவணி தொடங்கி ஐப்பசி வரை நானும் என் அண்ணனும் திருச்செந்தூரில் வீடு தேடி அலைந்தோம். மொத்தம் பதினேழு வீடு பார்த்தோம். அதில் கற்றுக்கொண்டதையும், பிறகு நூலகத்தில் உட்கார்ந்து சட்டம் என்ன சொல்கிறது என்று படித்ததையும் இங்கே எழுதுகிறேன். டிப்ளமா முடித்ததும் நம்மில் பாதிப் பேர் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் என்று கிளம்பப் போகிறோம். அங்கே போனதும் முதல் வேலை வீடு தேடுவதுதான். கையில் ஒரு டூ வீலராவது இருக்கும்.

எங்கள் ஊர் பெரியதாழை. சாத்தான்குளம் தாலுகாவில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் கடற்கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தேரி மணல். வாடகை வீடு என்ற பேச்சே எங்கள் ஊரில் அபூர்வம். ஆனால் 'நிறுத்த இடம்' என்ற பேச்சு நிறைய உண்டு. வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது என்ற பேச்சுதான் அது. கடல் அரித்து அரித்துக் கரை குறுகும்போது, வள்ளங்களை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வைக்க மணல் போதாது. அதற்காகத்தான் தூண்டில் வளைவு. தூண்டில் முள் போல வளைத்துக் கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி அலையின் வேகத்தைக் குறைப்பார்கள். எங்கள் ஊரிலும் போட்டிருக்கிறார்கள். அதை இன்னும் நீட்டித் தரச் சொல்லி ஊரார் கேட்டதும் உண்டு. "வள்ளம் வாங்குறது பெரிசில்ல, அதை எங்க வைக்கிறதுன்னு பாத்துட்டு வாங்கணும்" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். இதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து கடலுக்குப் போக முடியாமல் ஆனபோது, வள்ளத்தில் இருந்த பங்கை விற்றோம். அந்தப் பணத்தோடு கடனும் வாங்கி அண்ணன் ஒரு பழைய குட்டி யானை வாங்கினான். மீன் பெட்டியையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் சந்தை போவான். நான் இரண்டாம் ஆண்டு சிவில். தங்கை பத்தாம் வகுப்பு. எல்லாருக்கும் வசதியாக இருக்கும் என்று திருச்செந்தூரில் வீடு பார்த்தோம். ஆனி மாதம் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, அடுக்களை, நல்ல தண்ணீர். "பார்க்கிங் உண்டா?" என்று அண்ணன் கேட்டான். "தாராளமா உண்டு" என்றார்கள். குடி வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் சொன்ன பார்க்கிங் வீட்டுக்கு முன்னால் உள்ள தெரு.

பதினெட்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அண்ணன் சாவியைத் திருகினான். வண்டி மூச்சே விடவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கொண்டு போயிருந்தார்கள். புது பேட்டரி வாங்கவும் வேண்டும், அன்றைக்கு ஏற்றியிருக்க வேண்டிய மீனுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அந்த மாதத் தவணைக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. நம்மைப் போன்றவர்களுக்கு வண்டி நிற்கும் இடம் என்பது வசதி கிடையாது, அதுதான் அடுப்பில் உலை வைக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் வேறு வீடு தேட ஆரம்பித்தோம்.

இந்த முறை நான் கையில் டேப்போடு போனேன். 'பார்க்கிங் உண்டு' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சில வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் வைக்கிற இடம். சில வீட்டில் போர்ட்டிகோ உண்டு, ஆனால் அங்கே வீட்டுக்காரரின் கார் நிற்கும். அவர் வெளியே போனால் நாம் வைத்துக்கொள்ளலாம், அவர் வந்தால் எடுத்துவிட வேண்டும். வளவு வீடுகளில் நடு முற்றம் பொது. அங்கே யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம். அண்ணன் ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற ஆள், எப்போதும் கடைசிதான்.

நான் படிக்கிற பாடம் இங்கே கொஞ்சம் உதவியது. டாட்டா ஏஸ் எனப்படும் இந்தக் குட்டி யானை 2005-ல் வந்தது. நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். அதாவது பன்னிரண்டரை அடிக்கு ஐந்தடி. அப்படியானால் பதின்மூன்றடிக்கு ஐந்தரை அடி இடம் இருந்தால் போதுமே என்று நினைக்கத் தோன்றும். போதாது. உள்ளே நிறுத்திய பிறகு கதவைத் திறந்து மனுஷன் இறங்க வேண்டாமா? கட்டட வரைபடத்தில் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் விடச் சொல்லி எங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். அடிக் கணக்கில் எட்டேகாலுக்குப் பதினாறரை. அந்த அளவு இருந்தால்தான் மனசார நிறுத்தலாம்.

இடம் இருந்தும் பிரயோஜனம் இல்லாத வீடுகளும் உண்டு. எல்லாம் கேட்டையும் தெருவையும் பொறுத்தது. குட்டி யானையின் திரும்பு ஆரம் 4.3 மீட்டர், ஏறக்குறைய பதினான்கு அடி. தெரு அகலமாக இருந்தால் வண்டியை முன்னாலேயே வளைத்து நேராக்கிக்கொண்டு, சின்ன கேட்டுக்குள்ளும் நுழைத்துவிடலாம். தெரு பத்தடிச் சந்தாக இருந்தால் வளைக்கவே இடம் கிடையாது. வண்டி குறுக்காகத்தான் உள்ளே நுழையும். ஆகவே சந்து குறுகக் குறுக, கேட் அகலமாக வேண்டும். ஆனால் நம் ஊர்களில் தலைகீழாகத்தான் இருக்கிறது. குறுகிய சந்தில் சின்ன வீடு, சின்ன வீட்டுக்குச் சின்ன கேட். நான் அட்டையில் வண்டியை அளவுப்படி வெட்டி, வரைபடத்தாளில் தெருவையும் கேட்டையும் வரைந்து, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். அண்ணன் முதலில் சிரித்தான். ஆறாவது வீட்டில் அட்டை முட்டிய அதே தூணில் வண்டியும் முட்டியது. அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று உயரம். ஒரு வீட்டில் அருமையான போர்ட்டிகோ. ஆனால் உத்தரம் ஏழடியில் இருந்தது. எங்கள் வண்டியில் மீன் பெட்டிக் கூண்டு ஏழரை அடி. இரண்டாவது வாறுகால். தெருவுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஓடுகிற வாறுகால் மேல் போட்டிருக்கும் பலகை மனுஷன் நடக்கப் போட்டது. பாரம் ஏற்றிய குட்டி யானை ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். பலகை விரிந்தால் யார் செலவு என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். இதைப் பேசாமல் விட்டுப் பிறகு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அளவெல்லாம் சரியாக இருந்த வீடுகளில் வேறு அளவுகோல் வந்தது.

"தம்பி எந்தூரு?"

"பெரியதாழை அண்ணாச்சி."

"அப்படியா... வண்டில என்ன லோடு அடிக்கிய?"

"மீன் அண்ணாச்சி."

"அதுக்கில்ல தம்பி, போர்ட்டிகோவுல எங்க மருமகன் கார் வரும். மறந்தே போச்சு."

இந்த மருமகன் காரை நான் நாலு வீட்டில் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டு ஆச்சி மட்டும் நேராகச் சொன்னார்கள். "பாப்பா, உன்னைக் குத்தம் சொல்லல. மீன் தண்ணி சொட்டுனா எனக்கு ஒத்துக்காது. பூனையும் ஈயும் வந்துரும்." ஒரு இடத்தில் மஞ்சள் போர்டு வண்டியே ஆகாது, வெள்ளை போர்டு என்றால் கார், ஜீப் எதுவானாலும் சரி என்றார்கள். சரக்கு வண்டி வாசலில் நின்றால் வீட்டுக்கு மதிப்பு இல்லையாம்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பேரைக் கேட்டதும் மருமகனுக்குக் கார் முளைப்பது நியாயம் இல்லை. மீன் தின்கிற கை, மீன் கொண்டு வருகிற கையைப் பார்த்து மூக்கைப் பொத்துவதும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆச்சி சொன்னது வேறு. ஐஸ் உருகிச் சொட்டுகிற தண்ணி நாறத்தான் செய்யும். எங்களுக்கு மூக்கு பழகிவிட்டது, அவர்களுக்குப் பழகவில்லை. சந்தையிலேயே பெட்டியை இறக்கி, கூண்டைக் கழுவி, தண்ணியை வடித்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர முடியும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை முதலில் தர மறுத்தது அண்ணன்தான். இதை எழுதியதற்கு வீட்டில் எனக்குத் திட்டு விழும்.

திருச்செந்தூருக்கே உரிய ஒரு சிரமமும் உண்டு. கோயில் ஊர் என்பதால் வருஷம் பூரா வெளியூர்க் கூட்டம். 2025 ஜூலை 7-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. ஐப்பசியில் கந்த சஷ்டி, சூரசம்ஹாரம். மாத வாடகைக்கு விடுவதைவிட நாள் வாடகைக்கு விட்டால் லாபம் என்று பல வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வீடு மட்டுமல்ல, கார் நிறுத்தும் காலி இடமும் விழா நாட்களில் காசு. பக்கத்தில் உடன்குடி அனல்மின் திட்ட வேலை, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் என்று வெளியாட்கள் வரத்து வேறு. 'ராக்கெட் வருது, வாடகையும் மேல போகும்' என்று தரகர் ஒருவர் எங்களிடமே சொன்னார். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். வீடு பிடிக்கிறவரை தினம் போன் பண்ணுவார். பிடித்த பிறகு நாம் போன் பண்ணினால் எடுக்க மாட்டார்.

இனி சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. புதுச் சட்டத்தில் பதினோரு மாதம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு உண்டு. இது பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

அட்வான்ஸ் விஷயம் எல்லாருக்கும் முக்கியம். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற அந்த ஒரு வாசல் வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது. எங்களிடம் ஆறாயிரம் வாடகைக்கு அறுபதாயிரம் கேட்டவர்கள் உண்டு. பத்து மாதம்! கையெழுத்துப் போடும்போது அந்தத் தொகையை நாமே ஒத்துக்கொண்டு எழுதுகிறோம், பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒத்திக்கு வீடு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லட்சக் கணக்கில் கொடுத்துவிட்டு, வாடகை இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். வீட்டின் பேரில் பேங்க் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்ப்பதில்லை.

நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வாடகைதாரருக்கு உள்ள அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. எது எது அத்தியாவசியம் என்று விளக்கமும் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு, இவற்றோடு வண்டி நிறுத்தும் இடமும் அதில் சேர்ந்திருக்கிறது. தண்ணியும் கரண்டும் எந்த வரிசையோ, வண்டி நிறுத்தும் இடமும் அந்த வரிசை! ஒப்புக்கொண்ட இடத்தைப் பாதியில் அடைத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் 'இந்த இடத்தை எனக்குத் தந்தார்கள்' என்று காட்ட எழுத்து வேண்டும். "தாராளமா உண்டு" என்ற வார்த்தையை அதிகாரியிடம் கொண்டுபோய் என்ன செய்ய?

சென்னை, கோவைக்குப் போய் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் மும்பை வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. தூண்களுக்கு நடுவில் தரைத்தளத்தில் விடும் வண்டி நிறுத்தும் இடத்தைக் கட்டுகிறவர் தனியாக விலைக்கு விற்க முடியாது, அது குடியிருப்பவர்களுக்குப் பொதுவானது என்பதுதான் தீர்ப்பு. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்தது என்றாலும் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆகவே வாடகைக்குப் போகும்போது, உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த எண் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சங்கத்திடம் கேளுங்கள். வீட்டுக்காரர் கையைக் காட்டுகிற இடம் சில சமயம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும்.

ஜப்பானில் 1962-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரையே பதிவு செய்ய முடியும். இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "நான் சொன்னதத்தான் அவன் சட்டமாக்கிருக்கான்" என்றார்.

மின்சாரம் பற்றியும் சுருக்கமாக. 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனது. அது இணைப்புக்குத்தான். மேல் வீடு, கீழ் வீடு இரண்டுக்கும் ஒரே மீட்டர் என்றால், அந்தச் சலுகை யாருக்குப் போகிறது, யூனிட்டுக்கு நம்மிடம் என்ன கணக்கு என்று கேட்டுவிட வேண்டும். பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் நிறுத்தும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, அது எந்த மீட்டரில் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பதினேழாவது வீடு எங்களுக்கு அமைந்தது. ஊருக்குச் சற்று வெளியே, புது வீடு, வாறுகால் இன்னும் வராத மண் தெரு. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒன்பதடிக்கு இருபதடி காலி இடம். மேலே கூரை இல்லை, ஆனால் கேட் பத்தடி. வீட்டுக்கார அண்ணாச்சி ஓய்வு பெற்றவர். மீன் என்றதும் அவரும் கொஞ்சம் யோசித்தார். வண்டியைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவருவோம் என்று அண்ணன் சொன்னான். "எல்லாரும் சொல்லத்தான் செய்வாங்க" என்றார். "எழுதிக் குடுக்கோம் அண்ணாச்சி" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "நீ என்ன படிக்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீயே எழுது, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுதேன்" என்றார்.

எங்கள் வீட்டில் இதுவரை பத்திரம் என்றால் யாரோ எழுதியதில் கைநாட்டு வைப்பதுதான். நான் நாலு தரம் அடித்து எழுதினேன். வடக்குப் பக்கக் காலி இடம், கிழமேல் இருபதடி, தென்வடல் ஒன்பதடி, ஒரு சரக்கு வண்டியும் ஒரு டூ வீலரும் நிறுத்த. அதற்குத் தனி வாடகை இல்லை. மீன் பெட்டியும் ஐஸும் வண்டியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது. தண்ணீர் சொட்டக் கூடாது. அட்வான்ஸ் மூன்று மாதம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். கடைசியில் அவர் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சூரசம்ஹாரத்துக்கு அவருடைய சொந்தக்காரர்கள் காரில் வருவார்கள், அந்த இரண்டு நாள் மட்டும் இடத்தை விட வேண்டும். அண்ணன் தலையாட்டினான். நான் 'இரண்டு நாள்' என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன்.

ஐப்பசியில் அந்த இரண்டு நாளும் குட்டி யானை பெரியதாழைக்குப் போய், எங்கள் பழைய வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாம் நாள் காலை திரும்பியபோது இடம் காலியாக இருந்தது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது மட்டும் பாக்கி. "தை பிறக்கட்டும் பாப்பா" என்கிறார் அண்ணாச்சி. விண்ணப்பத்தை நிரப்பி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.